செவ்வாய்க்கிழமை வக்கீலும் வியாழக்கிழமை வசந்தாவும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் துப்பறியும் போலீஸ்காரி இந்த மந்திரவாதித் தொடருக்குள் வந்துவிட்டால் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுவாள் என்றான் சின்னவன். அவள் ஊரில் மந்திரமே கிடையாது, எப்படி வருவாள் என்று கரண்டியால் தட்டைத் தட்டினாள் பெரியவள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்குப் பேரு கிராஸ்ஓவர்ப்பா. ஒங்களுக்குப் புரியாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, ரசம் மூக்கில் ஏறி, உங்கள் அம்மா என் உச்சந்தலையில் தட்டும்படி ஆகிவிட்டது.

புரியாமல் என்ன? பெயர் தெரியாமலேயே நானும் உங்கள் கோமதி அத்தையும் அந்த வேலையைச் செய்திருக்கிறோம். அதனால் அவள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. இதை நீங்கள் துண்டு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். அத்தை சொல்லும்போது சிரிப்புக் கதையாக இருக்கும். அது நடந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் முதல் பாதி. நாங்கள் பேட்டையில் குடியிருந்தோம். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொழிற்பேட்டையில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் நான் வெல்டர். எந்தச் சோப்பைப் போட்டாலும் கையில் இரும்பு வாசம் போகாது. இரும்பு வாசத்தோடு எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வருவது இன்னொரு வாசம், டிவிப் பெட்டி சூடேறும்போது உள்ளே இருக்கும் தூசி கருகுகிற வாசம். எங்கள் பெட்டி கறுப்பு வெள்ளை. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்தது. கதவில் ஒரு சின்னப் பூட்டும் உண்டு. எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வந்துவிடக் கூடாது என்று வைத்தார்களோ என்னமோ. அப்படி என்றால் அந்தப் பூட்டு எங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை.

அப்போது வாரத்துக்கு ஒரு நாடகம் ஒரு தடவைதான் வரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வக்கீல் நாடகம். வியாழக்கிழமை வசந்தா நாடகம். இரண்டுக்கும் முறையான பெயர் இருந்தது, எங்கள் தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை.

வக்கீல் அனந்தராமன் என் ஆள். அவர் சாட்சியைத் திட்டமாட்டார், மேசையில் அடிக்கமாட்டார். பைய ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியில் எதிராளி உட்கார்ந்துவிடுவான். அவரிடம் எனக்கு இருந்த ஒரே குறை, வீட்டில் காப்பி குடிக்கும்போதும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். "இந்த வெயில்ல இப்படி இருந்தா வேக்குரு வந்திராது?" என்று அம்மா வாரம் தவறாமல் கவலைப்படுவாள். கடைசி வாரங்களில் நாடகம் எழுதுகிறவருக்குச் சரக்கு தீர்ந்துபோய், அவ்வளவு பெரிய வக்கீலை ஒரு குடை காணாமல்போன வழக்கில் போட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வசந்தா கோமதியின் ஆள். பணக்கார வீட்டு மருமகள். மாமனார் பாலில் விஷம் கலந்திருந்து செத்துப்போகிறார். பழி வசந்தாமேல். வாராவாரம் அவள் கூண்டில் நின்று அழுகிறாள். மாமியார், கொழுந்தன், பட்டணத்திலிருந்து வந்த மூத்த மகன் என்று எல்லோரும் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்கள். இதில் அதிசயம் என்னவென்றால், வசந்தாவுக்கு ஒரு வக்கீல் வைக்க வேண்டும் என்று அந்த நாடகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடகத்தில் வக்கீல் வேஷத்துக்கு ஆள் பிடிக்க மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்வேன்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கோமதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஏண்ணே, செவ்வாக்கிழமை ஒரு வக்கீலு கேஸு இல்லாம குடையத் தேடுதாரு. வியாழக்கிழமை ஒருத்தி வக்கீலு இல்லாம அழுதா. நடுவுல இருக்கது ஒரு புதன்கிழமைதானே? ஒரு பஸ்ஸப் புடிச்சு வந்தா என்னவாம் அவருக்கு?"

அவ்வளவுதான். வக்கீல் பஸ் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்கு மூன்றாவது நாடகம் ஒன்று ஓட ஆரம்பித்தது. அதை எழுதியவள் கோமதி. நான் ஒத்து ஊதுகிறவன். அந்தக் காலத்து நாடகங்களுக்கு முடிக்கத் தெரியாது என்பது அவள் கட்சி. அது உண்மையும்கூட. கடைசி வாரம் வந்தால் கெட்டவனுக்குத் திடீரென்று நல்ல புத்தி வரும். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுவான். அழவைத்தவர்கள் காலில் அழுதவளே விழுவாள். பிறகு யாராவது ஒரு ஒன்றுக்கும் ஆகாத நகைச்சுவையைச் சொல்ல, குடும்பமே சிரிக்க, அந்தச் சிரிப்பை அப்படியே அசையாமல் நிறுத்தி எழுத்துப் போடுவார்கள். "கஷ்டப்பட்டவள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ, பாத்துக்கோ" என்பாள். வசந்தாவுக்கு அப்படி நடக்கவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

இந்த இடத்தில் அவள் கல்யாணப் பேச்சைச் சொல்ல வேண்டும். கோமதி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். வந்த வரன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. ஒருவருக்கு நிறம் போதவில்லை, ஒருவருக்கு ஜாதகம் சேரவில்லை, ஒருவர் காரணமே சொல்லவில்லை. வந்தவர்களுக்காக எடுத்த புது டம்ளர்களைத் துடைத்து மறுபடி பரணில் ஏற்றும் நாளில் அம்மா யாரோடும் பேசமாட்டாள்.

பிறகுதான் தச்சநல்லூர் சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி ஆவுடையப்ப மாமா. மாப்பிள்ளை சங்கரன், அதாவது உங்கள் மாமா, அரிசி ஆலையில் கணக்குப் பார்த்தார். அவருக்கு அப்பா கிடையாது. அம்மா பூரணத்தம்மாள் வைத்ததுதான் சட்டம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்று காப்பி குடித்தார்கள். சங்கரன் குடித்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்த கோமதியின் முகத்தை நானும் பார்த்தேன். அதற்கு முன் எந்த வரனுக்கும் அவள் முகம் அப்படி ஆனதில்லை. அடுத்த மாதம் வந்து பூ வைத்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பட்டறைக்குச் சாமான் எடுக்க நான் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. கோமதியோடு ஒரே பஸ். முந்தின நாள் வசந்தாவுக்கு நிலைமை ரொம்ப மோசமாகிவிட்டிருந்தது.

"நம்ம வசந்தாவ நெனச்சா சோறு எறங்கலண்ணே" என்றாள்.

"விடுளா. வக்கீல் சார் வாராருல்லா."

"எப்ப வாராரு? மாமனாருக்கு வெஷம் வச்சது இவதான்னு குடும்பமே சாட்சி சொல்லியாச்சு. தீர்ப்பு வரப்போவுது."

"பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்கு நேரா வந்திருதேன்னு சொல்லிட்டாரு. ஜங்ஷன்ல எறங்கி, ஆத்துப் பாலத்தத் தாண்டி நடந்தே வந்திருவாராம்."

"அம்மா வேற வசந்தாவுக்காக வெளக்குப் போடுதேன்னு நேந்திருக்கா. செயிலுக்குப் போயிட்டான்னா நம்ம வீட்டுல யாரும் தாங்க மாட்டோம், பாத்துக்கோ."

"செயிலுக்கெல்லாம் போவ மாட்டா. அவரு கோட்டப் பாத்தாலே ஜட்ஜ் எந்திச்சிருவாரு."

கோமதி சிரித்தாள். எங்களுக்குப் பின்சீட்டில் மடியில் காய்கறிப் பை வைத்திருந்த ஓர் அம்மா சிரிக்கவில்லை. அவர் பூரணத்தம்மாளின் ஒன்றுவிட்ட தங்கை என்பதும், அவர் வீட்டில் டிவி கிடையாது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. கோமதியை அவருக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார், எங்களுக்குத்தான் முகம் நினைவில்லை.

நாங்கள் அப்படித்தான் பேசுவோம். பிடித்துப்போன யாருக்கும் முன்னால் ஒரு 'நம்ம' போட்டுவிடுவோம். நம்ம டாக்டர், நம்ம கண்டக்டர், நம்ம வசந்தா. அந்த ஒரு சொல்லில் வசந்தா எங்கள் குடும்பத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் ஆவுடையப்ப மாமா வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"ஏலே, வசந்தான்னு யாருலே நம்ம குடும்பத்துல?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா அடுக்களையிலிருந்து சொன்னாள். "வசந்தாவா? அவளுக்கு இந்த வியாழக்கிழமை தீர்ப்புல்லா."

மாமா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நெசந்தானா?"

"பாவம்டே அவ. ஒரு தப்பும் செய்யல. மாமனாரக் கொன்னது வேற ஆளு."

"யக்கா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தச்சநல்லூருல சம்பந்தம் பேசுனேன்? கொலக் கேசுல ஒருத்தி உள்ள இருக்கா, அவளுக்கு வக்கீலு கோட்டப் போட்டுக்கிட்டு ஆத்துப் பாலத்துல நடந்து வாரான்னு அந்தம்மா கேக்குது. நான் முழிச்சுக்கிட்டு நிக்கேன்!"

மாமா டிவி பார்க்காதவர். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு நாடகம் என்றால் புரிந்துகொண்டிருப்பார். ஒரு நாடகத்து ஆள் இன்னொரு நாடகத்துக்கு வந்தார், வந்தவர் உண்மையில் வரவில்லை, நாங்கள் வரவழைத்தோம் என்றால் யாருக்குப் புரியும்? கடைசியில் "நாடகம்னு சொல்லிப் பாக்கேன்" என்று எழுந்து போனார்.

மறுநாளே திரும்பி வந்தார். முகம் முன்னைவிடக் கறுத்திருந்தது. பூரணத்தம்மாள் அவருக்குச் சொன்ன பதில் இது: "வியாழக்கிழமை நாடகத்த ஒரு வாரம் விடாம நானும் பாக்கேன். அதுல வக்கீலே கெடையாது. பாளையங்கோட்டையும் கெடையாது. கேஸ மறைச்சது போதாதுன்னு பொய் வேறயா? கோர்ட்டு வாசல்ல நிக்கற குடும்பத்துல எங்களுக்குப் பொண்ணு வேண்டாம்."

யோசித்துப் பாருங்கள். வசந்தாவைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். வக்கீல் உள்ளே வந்ததால்தான் நாடகம் நிஜமாகிவிட்டது. இத்தோடு மாமா இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர்கள் குலசேகரன்பட்டினம் பக்கம் வேறு பெண் பார்க்கப் போகிறார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் டிவிக் கதவை யாரும் திறக்கவில்லை. கோமதி கடையிலிருந்து வந்து முகம் கழுவி, நேரே அடுக்களைக்குப் போய் வெங்காயம் உரித்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் வக்கீலின் குரல் கேட்டது. எங்கள் வீட்டில் வெங்காயச் சருகு சத்தம்தான்.

"பொறவு வக்கீல் ஜட்ஜ்கிட்ட என்ன சொன்னாரு?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அவளைப் பேசவைத்தால் போதும் என்று இருந்தது.

"தெரியாது. நான் இனிமே கதையே சொல்ல மாட்டேன்" என்றாள். வெங்காயத்தால் மட்டும் அப்படிக் கண் சிவக்காது.

வியாழக்கிழமை பட்டறையிலிருந்து நேரே தச்சநல்லூருக்குச் சைக்கிளை விட்டேன். மாமா வரவில்லை. என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. டவுனைத் தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். திரும்பிப் போனால் கோமதி முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட இது பரவாயில்லை என்று மிதித்தேன்.

பூரணத்தம்மாள் வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்றார். வீடு தேடி வந்தவனை வா என்று சொல்லித்தானே ஆக வேண்டும். நான் வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இன்னைக்குக் கடைசி. முடியட்டும்."

உட்கார்ந்தேன். சங்கரன் உள்கதவில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர்கள் வீட்டில் கலர் டிவி. எங்கள் வீட்டில் இத்தனை மாதமாகச் சாம்பல் சேலை கட்டியிருந்த வசந்தா அங்கே பச்சைச் சேலையில் நின்றாள். அந்த நேரத்திலும் இதைக் கோமதியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்த அரைமணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நீதிமன்றக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் கறுப்புக் கோட்டோடு அனந்தராமன் வந்துவிட மாட்டாரா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வேண்டிக்கொண்டேன். வந்தவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கோர்ட்டு டவாலி. அடுத்து வந்தவன் போலீஸ்காரன். நடுவில் சோப்பு விளம்பரம். அதற்குப் பிறகு கூட்டத்திலிருந்து பட்டணத்து மூத்த மகன் எழுந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, நான்தான் விஷம் வைத்தேன் என்று அழுதான். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பழி சொன்ன மாமியார் காலில் வசந்தா விழுந்தாள். கொழுந்தன் என்னமோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அசையாமல் நின்றது.

பூரணத்தம்மாள் எழுந்துபோய் டிவியை அணைத்தார். "சவம், இதுக்கா இத்தன நாளு பாத்தேன்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், என் பக்கம் திரும்பினார். "எங்கய்யா ஒங்க வக்கீலு?"

"அவரு செவ்வாக்கிழமை நாடகத்துல வருவாருத்தை."

"செவ்வாக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுல இருக்கது கெடையாது. கோயிலுக்குப் போயிருவேன். இந்த வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும்."

சங்கரன் தொண்டையைச் செருமினார். "வக்கீல் நாடகம்னு ஒண்ணு வருதும்மா. நான் பாத்திருக்கேன்."

"நீ சும்மா இரு" என்றார் அவர். என்னைக் கூர்ந்து பார்த்தார். "சரி, அந்தாளு வந்து என்னத்தக் கேப்பாரு? சொல்லும் பாப்போம்."

பரீட்சை வைக்கிறார் என்று தெரிந்தது. நான் பத்தாவதோடு பரீட்சையை விட்டவன். கோமதி சொன்னதை அப்படியே சொன்னேன். வக்கீல் யாரையும் அதட்டவில்லை. மாமனார் கட்டிலுக்குக் கீழே கிடந்த பால் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு, பைய ஒரு கேள்வி கேட்கிறார்.

"பொறவு?"

"பெரியவரு வயித்து வலிக்காகப் பால நிறுத்திட்டதா டாக்டர்கிட்ட சொன்னாரா இல்லியான்னு கேக்காரு."

பூரணத்தம்மாள் நிமிர்ந்தார். "ஆமா! சொன்னாரு! டாக்டரு வீட்டுக்கு வந்தாருல்லா, அன்னைக்குச் சொன்னாரே! மோரு மட்டுந்தான் குடிக்கேன்னாரு!"

"யாரோ ஆசையா நீட்டுனதால அன்னைக்கு ஒரு நா மட்டும் பாலக் குடிச்சிருக்காரு. அப்போ அந்த வீட்டுல தெனமும் சோறு வடிக்கிற வசந்தா வெஷத்த மோருல கலப்பாளா, பால்ல கலப்பாளா? பெரியவரு பாலக் குடிக்க மாட்டாருன்னு தெரியாத ஆளு அந்த வீட்டுல யாரு? இதான் அவரு கேள்வி."

"பட்டணத்துலேருந்து வந்தவன்" என்றார் சங்கரன்.

"அடப் பாவி!" என்று தொடையில் அடித்துக்கொண்டார் பூரணத்தம்மாள். "இத ஒருத்தனுக்கும் கேக்கத் தெரியலியே. அவன் அழுதான்னு முடிச்சுட்டானே. பொறவு?"

"பொறவு ஜட்ஜ் வசந்தாவ விட்டுருதாரு. வக்கீலு கோட்டோட பஸ் ஏறிப் போயிருதாரு."

"அவ? வசந்தா? அவ எங்க போறா?"

அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னால் ஆகிற காரியமா அது? "தெரியாதுத்தை. கதை கோமதி சொன்னது. இந்தப் பேச்சு வந்த பொறவு சொல்லுதத நிறுத்திட்டா."

"நிறுத்திட்டாளா?"

"இனிமே கதையே சொல்ல மாட்டேன்னுட்டா."

அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது, "பாத்துப் போங்க தம்பி" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சங்கரன் தெருமுனை வரைக்கும் வந்து, சைக்கிள் கைப்பிடியைத் தொட்டு, "நாளைக்குக் குலசேகரன்பட்டினம் வண்டி சொல்லியாச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. கோமதியும் போகவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் ஒரு வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. குலசேகரன்பட்டினம் போக வேண்டிய வண்டி. பூரணத்தம்மாள் இறங்கினார், பின்னாலேயே சங்கரன். கையில் ஒரு மஞ்சள் பை.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வசந்தா எங்கே போனாள் என்று கேட்கத்தான் வந்திருப்பார் என்று நான் காதில் சொன்னதும் கோமதியை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். அவள் சொன்னது வெளியே எனக்கே கேட்டது. "வசந்தா மாமியா கால்ல விழுந்து அந்த வீட்டுலயே இருந்துட்டான்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

கோமதி வந்து நின்றாள். பூரணத்தம்மாள் காப்பியைத் தொடவில்லை. சேமம் கேட்கவில்லை. நேரே அவளைப் பார்த்து, "பொறவு?" என்றார்.

கோமதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கோமதி சங்கரனைப் பார்க்கவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பொறவு அவ அந்த வீட்டுக்குப் போவலத்தை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் தீர்ந்தது என்று நினைத்தேன். மருமகளாகப் போகிறவள் மாமியாராகப் போகிறவரிடம் சொல்லுகிற வார்த்தையா அது?

"கார் கொண்டாந்து நிறுத்தி எல்லாரும் கூப்புடுதாவ. அவ ஏறல. யாரையும் ஏசவும் இல்ல. கோர்ட்லேருந்து நடந்து ஆத்துக்குப் போயி, படித்துறையில கால நனச்சு, மூஞ்சியக் கழுவுதா. இத்தன நாளு அழுத மூஞ்சி. கழுவிட்டு, சேல முந்தியில தொடச்சுக்கிட்டு, வந்த பஸ்ல ஏறுதா. எங்க போறான்னு நான் இன்னும் யோசிக்கல."

அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசம் வந்தது. யாரும் நகரவில்லை.

பூரணத்தம்மாள்தான் பேசினார். "எங்க வீட்டுக்காரரு போன பொறவு அவரு தம்பிமாரு வயல எழுதி வாங்கப் பாத்தாவ. அன்னைலேருந்து கோர்ட்டுக்கு நடக்கேன். இந்தப் பய சங்கரன் இடுப்புல இருந்தான். இன்னும் வாய்தாதான். அந்த வாசல்ல எத்தனையோ பொம்பளைகளோட நின்னுருக்கேன். செயிச்சவளும் உண்டு, தோத்தவளும் உண்டு. இப்படி மூஞ்சியக் கழுவிட்டு ஒருத்தியும் போயி நான் பாத்ததில்ல." சங்கரன் கையிலிருந்த பையை வாங்கினார். "இது கதைதான். நெசக் கேஸு இம்புட்டு நல்லா முடியாது."

மஞ்சள் பையிலிருந்து பூவை எடுத்தார். பிச்சிப்பூ. வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போட்டு வைத்திருந்தார். குலசேகரன்பட்டினத்துப் பெண்ணுக்காக வாங்கியதோ எங்களுக்காக வாங்கியதோ, நாங்கள் கேட்கவே இல்லை. "திரும்பு" என்றார். கோமதி திரும்பினாள். அவள் தலையில் பூவை வைத்துக்கொண்டே, "எங்க போறான்னு யோசிச்சு வையி. கல்யாணத்துக்கு முன்ன எனக்குத் தெரியணும்" என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதாள்.

வசந்தா எங்கே போனாள் என்பதற்கு அதற்குப் பிறகு பல பதில்கள் வந்தன. ஒரு வருஷம் தூத்துக்குடியில் இட்லிக்கடை வைத்தாள். ஒரு வருஷம் அனந்தராமனிடமே குமாஸ்தாவாகச் சேர்ந்து, முதல் வேலையாக அவர் கோட்டைக் கழற்றவைத்தாள். புதிதாக வந்த ஒவ்வொரு நாடகத்திலும் யாராவது ஒருத்தி அழுதால், வசந்தா பஸ் பிடித்து அங்கே போனாள். கல்யாணமாகி தச்சநல்லூர் போன கோமதி அடுக்களையிலிருந்து கதை சொல்ல, முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பூரணத்தத்தை "பொறவு?" என்று கேட்பார். நான் போகும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தை வாசலிலேயே என் காதில் விழும். அடுத்த வியாழக்கிழமை வரும்வரை அவர்களுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் எழுதுகிறவர் ஒன்று யோசித்தால் இவர்கள் ஒன்பது யோசித்தார்கள்.

உங்கள் கோமதி அத்தைக்கு இப்போது நடமாட்டமும் இல்லை, "பொறவு?" என்று கேட்க ஆளும் இல்லை. பூரணத்தம்மாள் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. வயல் வழக்கு அவர் இருந்தவரை முடியவே இல்லை. வசந்தா நாடகத்தை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எடுத்த நாடாவின்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்களாம். போன மாதம் கோமதியைப் பார்க்கப் போயிருந்தேன். சுவர் அகலத்துக்கு டிவி. ஏதோ ஒரு தொடரின் ஒரு பகுதி முடிந்தது. கதாநாயகி ரயில் தண்டவாளத்தில் நிற்கிறாள், என்ன ஆனாள் என்று தெரியவில்லை. கோமதி என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். அதற்குள் திரையில் ஒரு வட்டம் சுற்றி, அடுத்த பகுதி தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது.